நான்கு சொட்டு பஸ் பெயிண்ட்

அன்றைக்குப் பட்டறையில் நான் இருந்தேன், ஜெனிபர் அக்கா இருந்தார். அருள் அண்ணன் இல்லை. கொடைரோடு பக்கம் தங்கை கட்டிய புது வீட்டை ஃபாதர் வந்து மந்திரிக்கிறார் என்று காலையிலேயே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். நிர்மலும் இல்லை. ஆனால் நிர்மலுடைய குட்டி பஸ் மாடல் என் மேசை மேல் இருந்தது. இடது பக்கமும் முகமும் வெள்ளைப் பூச்சோடு தயாராக இருந்தன. வலது பக்கம் மட்டும் டேப் ஒட்டி மூடியபடி, பழைய பச்சையிலேயே.

இந்த வாரம் ஏர்பிரஷ் மேசைக்கு வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். ஆறு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டு இப்போது அளவெடுக்கும் வேலைக்கு மாறுகிறேன். பெயிண்டுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அது பத்து நாளில் கைக்கு வந்துவிடும். ஏர்பிரஷ் அடைத்துக்கொண்ட பிறகு வரும் முதல் ஒன்றரை மணி நேரத்தை யாரும் சுவரில் எழுதி ஒட்ட முடியாது. அந்த ஒன்றரை மணியில் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம்மிடம் பஸ் மாடல் செய்யச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் டிரைவர், கண்டக்டர், அல்லது ஒரே ரூட் பஸ்ஸில் வருடக்கணக்காகப் போய்வருகிறவர்கள். பாடி ஷெட்டில் அவர்கள் வண்டிக்கு அடித்த பெயிண்டில் மிச்சத்தை ஓர் இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். "இதுல ஒரு சொட்டாவது சேத்துருங்க தம்பி, அப்பத்தான் அது எங்க வண்டி" என்பார்கள். அருள் அண்ணன் சரி என்று வாங்கி வைத்துக்கொள்வார். ஆனால் வண்டி முழுக்க நம்முடைய தண்ணீர் பெயிண்டில்தான் அடிப்பார். எல்லாம் முடிந்தபின் மாடலைக் கவிழ்த்து, அடித்தட்டில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு தீக்குச்சி முனையால் அந்தப் பெயிண்டில் ஒரு சொட்டு வைப்பார். அவ்வளவுதான்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நம்பிக் கொடுத்தவர்களை அண்ணன் ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கரண்ட் பில்லோ மருந்துச் சீட்டோ எது வந்தாலும் என் கையில் கொடுத்து, "என்னப்பா போட்டுருக்கு?" என்பார்கள். எனக்கும் தெரியவில்லை என்றால், அதற்கப்புறம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் பத்து வயதிலேயே எல்லாம் தெரிந்த மாதிரி பேசப் பழகிவிட்டேன். பட்டறைக்குள் வரும்போதும் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

இனி நிர்மல். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு, என்னைவிட இரண்டு வயது சின்னவர். அம்மா பிலோமினா டீச்சர், வத்தலக்குண்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர். நிர்மல் அதிகம் பேச மாட்டார். பழகின ஒழுங்கு மாறினால் அவரால் தாங்க முடியாது. ஆனால் தினமும் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் தனியாக ஏறி, இங்கே திண்டுக்கல்லில் இறங்கி, ஒரு பயிற்சி மையத்துக்குப் போய் மெழுகுவர்த்தி செய்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவார். அந்தப் பச்சை பஸ்ஸைத்தான் நாங்கள் அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பு மாடலாகச் செய்து கொடுத்தோம். செய்த நாளெல்லாம் நம் பட்டறை மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் அது அவர் பைக்குள்ளேயே இருக்கும்.

அந்த நிஜ பஸ் வேறு முதலாளிக்குக் கைமாறியது. பெயிண்ட் மாற்ற ஷெட்டுக்குப் போய்விட்டது. பதிலுக்கு ஓடிய பஸ்ஸில் நிர்மல் ஏறவே இல்லை. தினமும் ஸ்டாண்டுக்கு வருவார், தன் பஸ் வராததைப் பார்ப்பார், வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மையத்தில் சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமையும் வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. காத்திருக்கிறவர்கள் நிறைய.

திங்கட்கிழமைதான் பஸ் திரும்பி ஓட வேண்டும், மஞ்சள் நிறத்தில். டீச்சர் வியாழக்கிழமை மாடலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பெயிண்ட் மாறுனாலும் வண்டி அவன் வண்டிதான்னு அவன் கைக்குத் தெரியணும் தம்பி. வாயால சொன்னா ஏறாது. இதையே மஞ்சளா அடிச்சுக் குடுங்க. ரெண்டு நாள் கையில வச்சிருந்தான்னா போதும்."

கூடவே கண்டக்டர் கொடுத்தனுப்பிய இருமல் மருந்து பாட்டிலையும் வைத்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

சனிக்கிழமை காலை நம் மஞ்சளைக் கலந்து ஒரு அட்டையில் அடித்துப் பார்த்தேன். பாட்டிலில் இருந்த மஞ்சளைவிட ஒரு நூல் வெளிறலாக இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. நிர்மலுக்குத் தெரியும் என்று தோன்றியது. பாட்டிலைத் திறந்து, ஏர்பிரஷ் கப்பில் நான்கு சொட்டு விட்டேன்.

ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த ஜெனிபர் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டா, அதை அண்ணன் அடியிலதான வைப்பாரு?"

"அது ஏமாத்து வேலைக்கா. நான் நெசமாவே கலக்குறேன்."

"ஆமாப்பா, இந்தப் பட்டறையில நீ ஒருத்தன்தான் யோக்கியன்."

கலக்கிக்கொண்டே இருந்தேன். நிறம் அச்சாகப் பொருந்தியது. இடது பக்கம் அடித்தேன், மழமழவென்று வந்தது. என் யோக்கியத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை போகும்போது ஏர்பிரஷ் தும்மியது. கடுகு அளவுக்கு இரண்டு மூன்று பொட்டு விழுந்தது. பிறகு காற்று மட்டும் வந்தது. முகம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

மணி பதினொன்று. முதலில் காற்றை ஏற்றினேன். இன்னொரு பொட்டு விழுந்தது. உங்கள் கையும் முதலில் அந்தக் காற்றுத் திருகுக்குத்தான் போகும். போக விடாதீர்கள்.

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல், யாரோ இலை கேட்கிற சத்தம்.

"என்னலே?"

"அண்ணே, அடைச்சுக்கிருச்சு."

"பெயிண்ட்ல என்னத்தச் சேத்த?"

வாய் தானாகச் சொன்னது: "ஒண்ணும் சேக்கலண்ணே. கொஞ்சம் கெட்டியாயிருச்சு போல."

"இந்த வெயிலுக்கு முனையில காஞ்சிருக்கும். தண்ணி நாலு சொட்டு விட்டுக் கலக்கு. முனைய விரலால பொத்திக்கிட்டுப் பின்னால ஊது, வந்துரும். செத்த நேரம் கழிச்சுக் கூப்புடு, பந்தியில நிக்கிறேன்."

அண்ணன் சொன்ன வழியில் குற்றமில்லை. நான் சொன்ன நோய்க்கு அதுதான் சரியான மருந்து. நோயைத்தான் நான் மாற்றிச் சொல்லியிருந்தேன். தண்ணீர் விட்டதும் கப்புக்குள் இருந்தது பால் திரிந்த மாதிரி திரிதிரியாகப் பிரிந்தது. பின்னால் ஊதினேன், அந்தத் திரியெல்லாம் இன்னும் உள்ளே போய் இறுகியது.

ஜெனிபர் அக்கா எழுந்து வந்து பார்த்தார். "கப்பக் கழுவிட்டு வெறும் தண்ணிய ஊதிப் பாரு. தண்ணி நல்லாப் போச்சுன்னா மெஷின்ல ஒண்ணுமில்ல, பெயிண்ட்தான் கோளாறு."

அதைவிடத் தெளிவான யோசனையை இந்த ஆறு வருடத்தில் நான் கேட்டதில்லை. ஆனால் செய்யவில்லை. பெயிண்ட்தான் கோளாறு என்று எனக்குத் தெரியும். அது வெளியே தெரியக்கூடாது என்பதுதான் என் அவசரம். பொத்தான் அறுந்த சட்டையில் ஓர் ஊக்கு குத்தியிருந்தேன். அதைக் கழற்றி, முனையில் இருக்கும் நாசில் ஓட்டைக்குள் விட்டேன். அக்கா "ஏய், ஏய்" என்பதற்குள் உள்ளே ஏதோ லேசாக இளகியது. அடைப்பு விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இளகியது அடைப்பு இல்லை. நாசில் பிளந்துவிட்டது. அரிசி மணியைவிடச் சின்னப் பித்தளைத் துண்டு அது. திரும்ப மாட்டி அழுத்தினால் கப்புக்குள் குமிழ் குமிழாகப் பொங்கியது, பெயிண்ட் பக்கவாட்டில் பீய்ச்சியது. ஏர்பிரஷுக்குள் இருக்கும் ஊசியின் முனையும் வளைந்திருந்தது. மாற்று நாசில் என்று இருந்த ஒன்றையும் போன மாதம் மாட்டியாகிவிட்டது. இனி சென்னையிலிருந்துதான் வர வேண்டும்.

மணி பன்னிரண்டரை. அக்கா என்னைப் பார்த்தார், திட்டவில்லை.

"இப்ப அண்ணனுக்குப் போனப் போட்டு உள்ளத உள்ளபடி சொல்லு."

சொன்னேன். நான்கு சொட்டு, பொய், ஊக்கு, எல்லாவற்றையும்.

"பாயாசம் வேணுமான்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாய்ங்க. எனக்கு இப்ப தொண்டையில எறங்குமாலே?" என்றார் அண்ணன். பிறகு குரல் இறங்கியது. "அது தின்னர்ல கரையிற பெயிண்ட். நம்மது தண்ணியில கரையிறது. ஒரு கப்புக்குள்ள ரெண்டும் ஒத்து இருக்காது. மொதல்லயே சொல்லியிருந்தா தண்ணிய விடச் சொல்லியிருப்பனா? கப்பக் கொட்டிட்டு, நல்ல தின்னர்ல ஊற வச்சிருந்தா அரை மணியில சரியாயிருக்கும். நாசிலும் இருந்திருக்கும்."

"தப்புதான்ணே."

"சரி, விடு. நான் வந்து சேர அஞ்சு மணி ஆயிரும். டீச்சருக்கு இப்பவே சொல்லு. நாலு மணிக்கு வந்து நின்னப்புறம் சொல்லாத."

டீச்சருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ஜெனிபர் அக்கா நம்பரைப் போட்டு என் காதில் வைத்துவிட்டார். என்னால் கெட்டுவிட்டது என்று சொன்னேன். இடது பக்கம் முடிந்துவிட்டது, மற்ற இரண்டையும் பிரஷ்ஷால் அடிக்க வேண்டும், இரண்டுக்கும் இன்றைக்கு நேரம் போதாது என்று சொன்னேன். என் மனதில் ஒரு கணக்கு இருந்தது: இடது முடிந்ததால் வலதையும் முடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும், முகத்தை அப்புறம் பார்க்கலாம் என்று. நல்லவேளை அதைச் செய்யாமல் கேட்டேன்.

"எதை முதல்ல முடிக்கட்டும் டீச்சர்?"

அவர் யோசிக்கவே இல்லை. "முகம். வத்தலக்குண்டு ஸ்டாண்டுல வண்டி திரும்பும்போதே அவன் முகத்தைத்தான் பாப்பான். அது மட்டும் முடிச்சுருங்க தம்பி. மறுபக்கம் பச்சையாவே இருக்கட்டும், வண்டி கையில இருந்தாப் போதும்."

கப்பில் இருந்ததைக் கொட்டினேன். சுத்தமான மஞ்சளை, அந்த ஒரு நூல் வெளிறலோடு, புதிதாகக் கலந்தோம். முகத்தை அக்காதான் அடித்தார். மெல்லிய பூச்சாக, காய விட்டுக் காய விட்டு, மூன்று கை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடதுக்கும் முகத்துக்கும் இருந்த நிற வித்தியாசத்தை உற்று உற்றுப் பார்த்தேன்.

"ரொம்ப முறைக்காத அப்பு. பஸ்ஸு ரோட்டுல எறங்குன அன்னைக்கே புழுதி அப்பிக்கிட்டு வேற மஞ்சளாத்தான் நிக்கும்" என்றார் அக்கா.

நாலு மணிக்கு டீச்சர் மட்டும் வந்தார். மாடலைக் கையில் வாங்கி முகத்தைப் பார்த்தார். சக்கரத்துப் பக்கம் இருந்த பொட்டுகளையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அடியில சொட்டு வச்சீங்களா? கண்டக்டர் கேப்பாரு."

"அது உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்றேன்.

"போன தடவை உங்க அண்ணன் கவுத்துக் காட்டினாரேப்பா. இதான் உங்க வண்டி பெயிண்ட், மேல சேத்தா ஒத்துக்காது, அதான் அடியில வச்சிருக்கேன்னு. நிர்மல் தினமும் அதைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் பையில வைப்பான்."

மாடலை ஒப்படைக்கும் நேரத்தில் நான் எப்போதும் அடுத்த வண்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பேன். அண்ணன் ஒவ்வொருவரிடமும் கவிழ்த்துக் காட்டுவது எனக்குத் தெரியவே தெரியாது. ஜெனிபர் அக்கா ஸ்டிக்கர் தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தீக்குச்சி எடுத்தேன். பழைய பச்சைச் சொட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளில் ஒன்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடமிருந்து தகவல் இல்லை. திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் வத்தலக்குண்டு போய் இறங்கினேன். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஸ்டாண்டில் கொடைக்கானல் போகிற கூட்டம், பூ மூட்டைகள், டீ. தூண் ஓரமாக நிர்மல் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், கையில் மாடல். டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கிட்டே வராதே என்பது போல இருந்தது. நான் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டேன்.

ஏழே முக்கால் வண்டி திரும்பியது. மஞ்சள். ஷெட்டிலிருந்து வந்து ஒரு நாள் ஆவதற்குள் கீழே பாதிக்குப் புழுதி. நிர்மல் எழுந்தார். பஸ் முகத்தைப் பார்த்தார், மாடலின் முகத்தைப் பார்த்தார். வண்டி நின்றது. கதவுப் பக்கம் வந்து அதையும் ஒத்துப் பார்த்தார். ஏறிவிடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, வண்டியின் முன்னால் நடந்து, மறுபக்கம் போனார்.

கையில் இருக்கும் வண்டிக்கு அந்தப் பக்கம் பச்சை. முன்னால் நிற்கும் வண்டிக்கு மஞ்சள். டைம் கீப்பர் கத்த ஆரம்பித்தார்: "எடுப்பா, எடு, பின்னால வண்டி நிக்கிது!" டிரைவர் கையைக் காட்டி, இரு என்றார். டீச்சர் மகனைக் கூப்பிடவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நிர்மல் பஸ்ஸைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார், மறுபடி பஸ்ஸைப் பார்த்தார். மாடலைக் கவிழ்த்து அடியைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது டீக்கடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்து மாடலின் பச்சைப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்க இன்னும் அடிக்கல."

பஸ்ஸின் மேல் அவருக்குக் குறையே இல்லை. அது சரியாகத்தான் வந்திருந்தது. பின்தங்கியது என் வேலை.

"ஆமா, அடிக்கல" என்றேன்.

"எப்ப?"

நாளைக்கு என்று சொல்ல வாய் வந்தது. அந்தப் பழைய வாய். நிறுத்தினேன். "சாமான் உடைஞ்சுபோச்சு. நான்தான் உடைச்சேன். சென்னையிலருந்து வரணும். நாளைக்கு வந்துச்சுன்னா புதன்கிழமை அடிச்சுருவேன். வரலைன்னா அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."

"புதன்கிழமை எத்தனை மணி?"

"நாலரை."

அவர் மாடலைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். ஏறினார். மூன்றாவது சீட்டில், ஜன்னல் ஓரம். கண்டக்டர் டீச்சரைப் பார்த்து ஒரு விசிலை நீளமாக அடித்தார். நானும் ஓடிப்போய் அதே வண்டியில் ஏறிக்கொண்டேன். நிர்மல் இருந்த வரிசைக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்தேன். திண்டுக்கல் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி மையத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

சாமான் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை நாலரைக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மறுநாள் சாயங்காலம்வரை மாடலை நம்மிடம் விட்டுவைக்க நிர்மல் ஒத்துக்கொண்டார். வலது பக்கம் அடித்தேன். சக்கரத்துப் பொட்டுகளைத் தேய்த்துச் சரி செய்யட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார். அது அங்கேயே இருக்கட்டும் என்றார். இப்போதும் மெழுகுவர்த்தி செய்கிறார், இப்போதும் அதே பஸ்தான்.

அருள் அண்ணன் அந்த வார முடிவில் ஆன செலவை ஒரு காகிதத்தில் எழுதி, பாதி பட்டறைக்கு, பாதி எனக்கு என்று பிரித்தார். டிக்கெட் காசையும் அவரேதான் சேர்த்தார், நான் கேட்கவில்லை. அந்தக் காகிதம் ஏர்பிரஷ் பெட்டியின் மூடிக்குள் இன்னும் ஒட்டியிருக்கிறது, நீங்கள் திறக்கும்போது பார்ப்பீர்கள். நாசில் அறுநூற்று நாற்பது, ஊசி இருநூற்று எண்பது, கூரியர் எண்பது, வத்தலக்குண்டு போய்வர டிக்கெட் அறுபது. மொத்தம் ஆயிரத்து அறுபது ரூபாய்.